பொணத்துக்கு வசனம் கெடையாது

இனிமே தியேட்டருக்குள்ள வாயே திறக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். இது பதினேழாவது தடவ. முன்ன பதினாறு தடவையும் நான் நல்லாத்தான் முடிவு பண்ணேன். படம் எடுத்தவன்தான் கெடுத்துட்டான்.

நீங்களே சொல்லுங்க. ஹீரோ மழையில நனையறான். நனையட்டும், வேணாங்கல. ஆனா அவன் தலையில மட்டும் மழ கொட்டுது, பின்னாடி ரோடு காஞ்சு கெடக்கு. இதப் பாத்துட்டு ஒரு மனுசன் எப்படிங்க சும்மா இருக்கறது? "அது தண்ணி லோரிடா! பைப்பப் புடிச்சு அடிக்கிறானுங்க!"ன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். எட்டு வரிச திரும்பிப் பாத்துச்சு.

எம்பேரு ஐயாவு. செமோர்ல வீடு. ஈப்போவுல கிலாங்குல, அதான் ஃபேக்டரியில, வேல செய்யிற ஆளுங்கள ஏத்தி எறக்குற பஸ்ஸு ஓட்டுறேன். காலையில அஞ்சு மணிக்கு ஏறுவாங்க, நாப்பது பேரும் தூங்கிருவாங்க. சாயங்காலம் ஏறுவாங்க, நாப்பது பேரும் போனப் பாப்பாங்க. முப்பது வருசமா நாப்பது பேரோட தனியாப் போறேன். அப்ப நான் எங்கதாங்க பேசறது?

படம் பாக்கறப்பதான் பேசுவேன். கண்ணீரு வந்தா "கிளிசரின்"னு சொல்லுவேன். முடி பறந்தா "ஃபேன்"னு சொல்லுவேன். காடி ஓட்டுற சீனு வந்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். ரோடு நேராப் போகுது, இவன் ஸ்டீரிங்க இப்படியும் அப்படியும் மாவு பெசையற மாதிரி திருப்பறான். ரோட்டப் பாக்காம பக்கத்துல இருக்கறவ கண்ணப் பாத்து நாலு பக்க வசனம் பேசறான். என் பஸ்ஸ இப்படி ஓட்டுனா நாப்பது பேரும் ஆத்துல. அப்புறம் மலேசியான்னு காட்டுறதுக்கு ரெண்டு கோபுரம், ஒரு வில்லன். ஏன்யா, ஈப்போவுல ஒரு வில்லன் கெடைக்க மாட்டானா?

இதெல்லாம் எம்பொண்டாட்டி குமுதாவுக்காகத்தான் சொல்றேன். அவளுக்கு வெளங்கணும்ல.

போன சித்திரையில ஒரு கொலப் படம். பத்தாவது நிமிசத்துலயே சொல்லிட்டேன், "தோட்டக்காரன்தான் கொன்னவன். அவனக் காட்டறப்பல்லாம் 'டொய்ங்'னு மியூசிக் வருது பாரு." முன் சீட்டுல இருந்த பொண்ணு திரும்பி, "அங்கிள், டியாம்லா!"ன்னுச்சு. வாய மூடுன்னு அர்த்தம். நான் அந்தப் பொண்ணு மாதிரியே மூக்கச் சுருக்கி "அங்கிள், டியாம்லா"ன்னு சொல்லிக் காட்டுனேன். குமுதா சிரிப்பான்னு திரும்பிப் பாத்தேன். சீட்டு காலி. அஞ்சு வரிச தள்ளி, யாரோ ஒரு சீனக் கெழவி பக்கத்துல போயி ஒக்காந்திருக்கா.

அன்னியிலேருந்து அவளுக்குப் படம்னா பக்கத்து வீட்டு நஜீமாகூடத்தான். மீரா சாஹிப் கடை இருக்குல்ல, அந்தப் பாயோட சம்சாரம். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சீலையக் கட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நான் வாசல்ல காத்திருப்பேன்.

"படம் எப்படி?"

"நல்லாருக்கு."

"கேமரா?"

"இருந்துச்சு."

"எடிட்டிங்கு?"

"நீங்க இல்ல. அதுவே பெரிய எடிட்டிங்கு."

அதுகூடப் பரவால்ல. இந்தத் தீபாவளிக்கு என் தலைவர் படம் வருது. மொத நாள், மொத ஷோ. நாப்பது வருசமா நான் தவற விட்டதில்ல. போன மாசமே கேட்டேன்.

"குமுதா, டிக்கெட்டு?"

"ரெண்டு போதும். எனக்கும் நஜீமாவுக்கும்."

"அப்ப நான்?"

"பஸ்ஸுல ஒக்காந்து பேசுங்க."

சரி, நான் யாருன்னு இவளுக்குக் காட்டணும்னு நெனச்சுக்கிட்டிருந்தப்பதான் ஒரு டெலிமூவி குரூப்பு எங்க ஊருக்கு வந்துச்சு. செமோருக்கு அந்தாண்ட பழைய ரப்பர்த் தோட்டம். இப்ப எல்லாம் செம்பனை. தோட்டத்து ஆளுங்க குடியிருந்த ஆறு கதவு லயம் மட்டும் இடியாம நிக்குது. அங்கதான் ஷூட்டிங். டைரக்டர் பேரு தர்மேந்திரன். கோப்பெங்காரரு, முப்பது வயசு, ஒரு தொப்பி. அவங்களுக்குச் சாப்பாடு நம்ம குமுதாதான். காலையில நாசி லெமாக், மத்தியானம் சோறு.

சாமான் தூக்குறேன்னு நானும் போனேன். நாலு நாள் லீவு போட்டேன். டைரக்டர் பக்கத்துல ஒரு நாக்காலியப் போட்டு ஒக்காந்தேன்.

"தம்பி, இந்த ஷாட்டு வேலைக்கி ஆவாது."

"ஏன்ண்ணே?"

"அந்தப் பொண்ணு செம்பனப் பழம் பொறுக்குது, நகத்துல பாலீசு மின்னுது."

மொத நாள் "நல்ல பாய்ண்டுண்ணே"ன்னாரு. ரெண்டாவது நாள் "ம்"முன்னாரு. மூணாவது நாள் தொப்பிய எறக்கிக் கண்ண மூடிக்கிட்டாரு. கலைஞன், யோசிக்கிறாருன்னு நெனச்சேன். அன்னிக்கு மத்தியானம் குமுதா அவருக்குச் சோறு போடறப்பக் குனிஞ்சு காதுல என்னமோ சொன்னா. அந்த ஆளு மூஞ்சியில மூணு நாளைக்கப்புறம் சிரிப்பு வந்துச்சு. ரசம் வேணுமான்னு கேட்டிருப்பான்னு விட்டுட்டேன்.

சாப்ட்ட கையோட என்கிட்ட வந்தாரு.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு ரோல் இருக்கு."

நாக்காலிய விட்டு எந்திரிச்சுட்டேன். "எப்பேர்ப்பட்ட ரோலு?"

"மொத்தக் கதையும் இந்தக் கேரக்டரச் சுத்தித்தாண்ணே. படத்துல எல்லாரும் இவரப் பத்தியே பேசுவாங்க."

"வசனம் எத்தன பக்கம்?"

"வசனத்துல என்னண்ணே இருக்கு? மூஞ்சிதான். குளோசப்பு."

அன்னிக்குச் சாயங்காலம் மீரா சாஹிப் கடையில ஏழு பேருக்கு தே தாரேக் வாங்கிக் குடுத்தேன். பாய் மட்டும் கேட்டாரு, "ஐயாவு, ஒனக்கு ரோலு என்னான்னு சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்க பாய். சஸ்பென்ஸு. ஆனா நான் இல்லாம அந்த சீனே நடக்காது."

முடிக்கு மை அடிச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு கோவம், சோகம், வீரம், மூணும் பழகுனேன். குமுதா பாத்துக்கிட்டே வெங்காயம் உரிச்சா. கண்ணுல தண்ணி. கிளிசரின் இல்ல, வெங்காயம்.

மறுநா காலையில லயத்துக்குப் போறேன். முன்னாடி கூடாரம். பிளாஸ்டிக் நாக்காலி. நடுவுல ஒரு சவப்பெட்டி.

"யாரு தம்பி செத்தது?"

"நீங்கதாண்ணே."

"பொணமா? பொணத்துக்கு என்ன நடிப்புய்யா?"

"அதாண்ணே சூசா, ரொம்பக் கஷ்டம். எல்லாராலயும் முடியாது. ஒங்கள மாதிரி சினிமா தெரிஞ்ச ஆளு வேணும்."

வீட்டுக்குப் போறேன்னு திரும்புனேன். குமுதா நாசி லெமாக் பொட்டலத்த அடுக்கிக்கிட்டிருந்தா.

"என்ன கெளம்பிட்டீங்க?"

"உயிரோட இருக்கறவனப் பெட்டியில படுக்கச் சொல்றான்!"

"ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. படுங்க."

"மாட்டேன்."

அவ பொட்டலத்தக் கீழ வச்சா. கையத் தொடச்சா. "சரி, ஒரு பேச்சு. பேக்கப்பு சொல்ற வரைக்கும் வாயத் திறக்காமப் படுத்திருங்க. தீபாவளிப் படத்துக்கு ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன். என் பக்கத்து சீட்டு."

"சத்தியமா?"

"சத்தியமா."

போய்ப் படுத்துட்டேன்.

நெத்தியில விபூதி பூசுனாங்க, காசு வச்சாங்க. கால் கட்ட வெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுனாங்க. அப்புறம் ஒரு வெள்ளத் துணியக் கொண்டாந்து நாடியிலேருந்து உச்சந்தலைக்கு இழுத்து இறுக்கிக் கட்டுனாங்க பாருங்க. நாடிக்கட்டு. செத்தவன் வாயி பொளந்துக்கக் கூடாதுன்னு நம்மாளுங்க கட்டுறது. "கொஞ்சம் லூசா"ன்னு சொல்ல வந்தேன். "ம்ம்ம் ம்ம்"முன்னுதான் வந்துச்சு. கட்டுனவன் "தேங்ஸுண்ணே"ன்னுட்டுப் போயிட்டான்.

கண்ண மூடிக் கெடக்கேன். மூக்குல பேருக்குக் கொஞ்சம் பஞ்சு. காதுக்குள்ள ஒரு எறும்பு ஊரச் சுத்திப் பாக்குது. யாரோ ஃபேன் போட்டாங்க. ஊதுபத்திப் பொக நேரா என் மூஞ்சிக்கு. யோவ், ஃபேன அந்தப் பக்கம் வைய்யா, பொக கேமராவுல விழாதுய்யா! எல்லாம் மனசுக்குள்ளதான். வாழ்க்கையில மொத மொறையா ஒரு கருத்து எனக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்துச்சு. வயித்துல காத்து மாதிரி.

கோலாலம்பூர்லேருந்து வந்த நடிகதான் என் பொண்டாட்டியா நடிக்கணும். ரெண்டு டேக்கு எடுத்தாங்க. கிளிசரின் வாசன வருது, ஒப்பாரி வரல. "ஐயோ, என் அத்தான்"னு அந்தப் பொண்ணு நியூஸ் வாசிக்கிற மாதிரி அழுவுது.

"கட்! இது சரிப்படாது. அக்கா, நீங்க வாங்க"ன்னாரு டைரக்டர்.

எந்த அக்கா? கண்ணத் திறக்க முடியல. வளையல் சத்தம் கேட்டுச்சு. சம்பல் வாசன வந்துச்சு.

ஐயோ. இது நம்ம அக்கா.

"ஆக்‌ஷன்!"

குமுதா என் நெஞ்சுல ஒரு அடி போட்டா. நடிப்பு அடி இல்ல. அப்புறம் ராகம் எடுத்தா.

"பாலு வாங்கப் போனவரே... பாதி வழி நின்னவரே...
பாசாருல கண்டவன்ட்ட... படத்தக் கொற சொன்னவரே...
சிரிக்கிற சீனு வந்தா... செட்டிங்குன்னு சொன்னவரே...
அழுகுற சீனு வந்தா... அது கிளிசரின்னு சொன்னவரே..."

கூடாரத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. எனக்குக் கோவம் தலைக்கி ஏறுச்சு. பதில் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பதில் இருக்கு. நாடிக்கட்டு விடல. அவ எடுத்துக்கிட்டே போறா.

"முப்பது வருசமா... முன் சீட்டு பின் சீட்டு...
மூணு மணி நேரம்... முழுசா நான் கேட்டதில்ல...
மொதல்ல யாரு செத்தா... முடிவுல யாரு சேந்தா...
முழுப் படமா ஒண்ணு... ஒங்ககூடப் பாத்ததே இல்லையே..."

அந்த எடத்துல அவ கொரலு ஒடைஞ்சு போச்சு. சிரிச்சவங்க கப்புன்னு நிறுத்திட்டாங்க. மூக்கு உறிஞ்சற சத்தம் நாலு பக்கமும். எனக்குள்ள என்னமோ ஆச்சு. முப்பது வருசம். நான் நாப்பது பேரோட தனியாப் போனேன். இவ எங்கூட ஒக்காந்து தனியாப் படம் பாத்திருக்கா. அதுவும் பாதிப் படம்.

கண்ணோரம் சூடா ஒண்ணு எறங்குச்சு.

"கட்! கட்! பொணம் அழுவுது!"

டைரக்டர் ஓடியாந்தாரு. "அண்ணே, பொணம் அழுதா இது பேய்ப் படமாயிருமுண்ணே!"

"ம்ம்ம்"முன்னேன். மன்னிச்சுக்கன்னு அர்த்தம்.

அஞ்சு டேக்கு. அஞ்சு வாட்டியும் குமுதா புதுசு புதுசாப் பாடுனா, ஒரு தடவ பாடுனது மறு தடவ வரல. அம்புட்டு சரக்கு இருந்திருக்கு உள்ள. அஞ்சு வாட்டியும் நெசமா அழுதா. லைட்டு தூக்குறவன்கூட அழுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேக்கப்பு. நான் வாயத் திறக்கல. ஜெயிச்சிட்டேன்.

கட்ட அவுத்தப்பக் கூட எனக்குப் பேச வரல. டைரக்டர் என் கையப் புடிச்சாரு. "அண்ணே, அக்காவுக்குத்தான் நன்றி சொல்லணும். இந்த ரோலுக்கு ஒங்களப் போடச் சொன்னதே அவங்கதான்." அப்ப ரசம் இல்ல.

காடியில வர்றப்ப செமோர் பாலம் வரைக்கும் நான் பேசாமத்தான் ஓட்டுனேன். அப்புறம் மெதுவாக் கேட்டேன்.

"குமுதா, அது கிளிசரின் இல்லதான?"

"இல்ல."

"வெங்காயம்?"

"இல்லங்கறேன்ல."

"அப்ப, நான் நெசமாப் போயிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சியா? அதான் அழுதியா?"

அவ சன்னல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டா. பாவம், களச்சுப் போயிருந்தா.

"ஒரு நாள் பூரா நிம்மதியா இருந்துச்சுங்க. சாயங்காலம் அந்தக் கட்ட அவுத்துருவாங்களேன்னு நெனச்சேன். தானா வந்துருச்சு."

அப்புறம் கைப்பைய என் மடியில வச்சா. "சொன்ன சொல்லு சொல்லுதான். போன வாரமே எடுத்துட்டேன். ஒங்க டிக்கெட்டு. எடுத்துப் பாருங்க."

காடிய ஓரங்கட்டித் திறந்தேன். தலைவர் படம். மொத நாள், மொத ஷோ. பக்கத்து பக்கத்து சீட்டு. ரெண்டு டிக்கெட்டும் அந்த நாடிக்கட்டுத் துணியிலதான் பத்தரமாச் சுத்தியிருந்துச்சு.