மாப்பிள்ளை குரலில் பேசிய ஆம்ப்ளிஃபயர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறாள். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உங்கள் மாமியார் கேட்கச் சொன்னாள். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். மெசேஜ் அனுப்பினால் படித்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது பாருங்கள்.

முதலில் முக்கியமான சங்கதி. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது, "போய்யா அந்தப் பக்கம்! உன்னை நம்பி எழுந்திருக்க நான் என்ன கேனையனா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததல்லவா, அது என் குரல்தான். மறுக்கவில்லை. ஆனால் அது உங்களுக்குச் சொன்னதில்லை மாப்பிள்ளை, ஆம்ப்ளிஃபயருக்குச் சொன்னது. நீங்கள் இதைப் படித்துச் சிரித்தாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, கடைசிவரை படித்துவிடுங்கள். என் பெண் பாப்பாவின் குடித்தனம் இந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது.

அதற்கு முந்தின வாரம் பாப்பா ஆட்டோவில் வந்து இறங்கினாளே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிற பெண் துணிமணியை ஒரு பையில் அடைத்துக்கொண்டு வருவாள், இல்லையென்றால் ஒன்றும் எடுக்காமல் அழுதுகொண்டு வருவாள். இவள் அழவும் இல்லை, துணியும் எடுத்து வரவில்லை. "அப்பா, ஒரு கை பிடிங்க" என்றாள். பார்த்தால் பின் சீட்டில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் லாரி எடை மேடையில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன், ஒரு சாமானைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இதைப் பார்த்து நான் போட்ட கணக்கு தப்பு. தூக்கிய பிறகு என் இடுப்பு சொன்னதுதான் சரியான எடை. ஆட்டோக்காரர் மறுபக்கம் பிடித்துக்கொண்டு, "என்ன சார், உள்ள பாறாங்கல்லா?" என்றார். "டிரான்ஸ்ஃபார்மர்ண்ணா" என்றாள் பாப்பா. அவர் தெருமுனையில் கம்பத்தில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பிடியை இறுக்கிக்கொண்டார்.

நான் ரிப்பேருக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். "அந்த வீட்ல இதுக்கு இடம் இல்லையாம்பா. இதுக்கு இல்லாத இடம் எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போய்விட்டாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாண நாள் பரிசாக நீங்கள் புதிதாக ஒரு டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய பழையதைக் கழற்றிச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாளாம். ஆனால், "ரெண்டும் ஒண்ணுதான், உன் காதுக்கெல்லாம் வித்தியாசமே தெரியாது" என்று சொன்னீர்களே, அங்கேதான் கெட்டது குடி. காது பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் தலையில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது? என்னிடம் வந்து ஒருத்தன் உனக்கு எடை பார்க்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நானும் கிளம்பித்தான் போயிருப்பேன்.

ஆனால் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மின்சார மீட்டர் சோதிக்கிற வேலையில் இருப்பவர், ஒரு பெட்டி சும்மா உட்கார்ந்துகொண்டே கரண்ட் குடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும். பாப்பாவையே கேட்டேன், அப்படி என்னதான் வித்தியாசம் என்று. அவள் சொன்னது எனக்குப் புரிந்தவரை இப்படி: பழையது அனலாக் என்கிற ரகம், குழாயை வேண்டிய அளவுக்குத் திருகித் திறந்து வைப்பது போல, பாட்டு ஏறினால் கூடத் திறக்கும், இறங்கினால் குறைக்கும், ஆனால் பாட்டே இல்லாவிட்டாலும் ஒரு ஒழுக்கு இருந்துகொண்டே இருக்கும், அந்த ஒழுக்கெல்லாம் சூடாகப் போகிறது. புதியது குழாயை முழுசாகத் திறந்து முழுசாக மூடி, திறந்து மூடி, கண் இமைப்பதற்குள் லட்சம் தடவை செய்யுமாம், அதனால் வீணாவது கொஞ்சம்தான், சூடும் இல்லை, கனமும் இல்லை. "ரெண்டுலயும் வாளி நிறையுதில்ல?" என்று கேட்டேன். "வாளி நிறையும்பா. தண்ணி விழற சத்தம் வேற" என்றாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

சரி, வந்த பெட்டியை எங்கே வைப்பது? ஷோகேஸில் வைத்தோம். தட்டு உடைந்து விழுந்து, கீழ்த்தட்டில் இருந்த உங்கள் மாமியாரின் கண்ணாடிக் கிண்ணங்கள் எல்லாம் போயே போய்விட்டன. பிறகு தரையில் வைத்தோம், ஆடியது, ஏனென்றால் அதன் நாலு ரப்பர் காலில் ஒன்று உங்கள் வீட்டிலேயே கழன்று விழுந்திருக்கிறது. பழைய காலண்டர் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டால் பாதி வீடு இருண்டுவிட்டது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதற்கென்று தனியாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. அப்புறம் ஸ்பீக்கர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பாப்பா தன் சிநேகிதியிடம் கடன் வாங்கி வந்து மாட்டினாள். பின்னால் மாட்டிய ஒன்று சரியாக என் நாற்காலிக்கு மேலே, வாசல் கதவுக்குப் பக்கத்தில். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் படம் போட்டாள். திரையில் ஒருத்தர் தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறார், என் முதுகுக்குப் பின்னால் யாரோ, "யாராவது இருக்கீங்களா?" என்றார். "இருக்கோம், உள்ள வாங்க" என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். ஒருத்தரும் இல்லை. அம்மாவும் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த உங்கள் மாமியாருக்கும் கிடைத்தது: கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, அவள், "ஐயய்யோ, துணி!" என்று மாடிக்கு ஓடினாள், மேலே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மறுநாள் கதவு தட்டுகிற சத்தம், எழுந்தேன், ஆளில்லை. அதற்கடுத்த நாள் குழந்தை அழுகிற சத்தம், பக்கத்து வீட்டில் போய் விசாரித்தேன், அவர்கள் வீட்டில் குழந்தையே கிடையாது. மூட்டுவலிக்காரன் எத்தனை தடவைதான் எழுந்திருப்பான்? இனி இந்தப் பெட்டி தலைகீழாக நின்று கூப்பிட்டாலும் எழுவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார், அதையும் படத்துக் கணக்கில் எழுதிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. திரையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா பால்கனிக்குப் போயிருந்தாள், உங்கள் மாமியார் குளியலறையில். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. குதிரை ஓடுகிற படத்தில் கதவு எங்கேயிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை, அடுத்த காட்சியில் கதவு வருமாக்கும் என்று இருந்துவிட்டேன். மறுபடி தட்டு. அப்புறம், "மாமா, நான்தான். கதவத் திறங்க மாமா" என்று குரல். சத்தியமாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, உங்கள் குரல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அதற்கும் நான் பெட்டியைத்தான் பாராட்டினேன். அனலாக் என்றால் அனலாக்தான், மாப்பிள்ளை தொண்டையில் இருக்கிற கரகரப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டதே என்று வியந்துவிட்டு, அதே மூச்சில் மேலே சொன்ன வார்த்தைகளையும் கத்திவிட்டேன். வெளியே சத்தம் நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டின பிறகு உங்கள் மாமியார் காலிங் பெல் பக்கத்தில் ஒரு சின்னப் பை தொங்குகிறதைப் பார்த்தாள். உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு ரப்பர் கால். பாப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, காலண்டர் அட்டையை உருவி எறிந்துவிட்டு, அந்தக் காலைத் திருகி மாட்டினாள். "அவரா வந்தார்? நீங்க யாரப்பா திட்டினீங்க?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷன் தன் பிடிவாதத்தை விட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் தேடி அந்தக் காலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான், அவனைப் போய் வாசலோடு விரட்டியிருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஆகவே மாப்பிள்ளை, நான் யோசித்துச் சொல்கிற தீர்ப்பு இது. கோபித்துக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை குரலில் பேசிச் சொந்த மாமனாரையே ஏமாற்றுகிற அளவுக்கு உயிரோடு இருக்கிறது என்றால், பழைய பெட்டிதான் உசத்தி. இதற்கு நானே கண்கண்ட சாட்சி. நீங்கள் வந்து, "ஆமாம், வித்தியாசம் இருக்கு, உன் காதுக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். அவளாக உங்களை போனில் கூப்பிட மாட்டாள், என் ரத்தம், ரோஷம் அதிகம். நீங்கள் சொல்லிவிட்டால் மறுநிமிஷம் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். புதியதை உங்கள் படுக்கையறையில் வைத்துக்கொள்ளுங்கள், பழையது ஹாலில் இருக்கட்டும். தூக்குவதற்கு மட்டும் ஆள் அழைத்து வாருங்கள், என் இடுப்பு இனி தாங்காது.

நீங்களும் அவளும் ஒரே கூரையின் கீழ் நோய்நொடி இல்லாமல், சத்தம் போடாமல், சத்தமாகப் படம் பார்த்துக்கொண்டு நீடூழி இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்களைத் திட்டாத மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "பெட்டிதான் உசத்தி" என்கிற இடம் வந்ததும், "எந்தப் பெட்டி?" என்றாள். அந்த ஆம்ப்ளிஃபயர்தான் என்றேன். "அது அடுப்பு மாதிரி கொதிச்சுதுங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமையே நான்தான் அணைச்சு, ப்ளக்கப் புடுங்கி, மேல ஒரு துணியப் போட்டு மூடிட்டேன், நீங்க தூசிக்குன்னு நினைச்சிருப்பீங்க. டிவியில வர்ற சத்தமே போதும்னு ரிமோட்ல மாத்தி வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஆஹா ஓஹோன்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க, சரி எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை அனலாக்கும் ஓடவில்லை, டிஜிட்டலும் ஓடவில்லை. கதவு தட்டியது நீங்கள், குரல் உங்களுடையது, கரகரப்பும் உங்களுடையதே. தீர்ப்பை அடித்துவிடவும். எனக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை, வெறுமனே மன்னிப்புதான் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

பக்கத்தில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா, எனக்குத்தான் வயசாச்சு. உனக்குமா தெரியல? மூணு நாளா அந்தப் பெட்டி அணைஞ்சு கிடந்திருக்கு" என்றேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "நான் படத்த எங்க கேட்டேன்பா? அவர் வண்டிச் சத்தம் வருதான்னு பால்கனியிலதான் காது வச்சிருந்தேன்" என்றாள். நீங்கள் அன்றைக்குப் பின் தெரு வழியாக வந்திருக்கிறீர்கள் போல.

அடுத்த தடவை முன் தெரு வழியாகவே வாருங்கள், மாப்பிள்ளை. ஒரு ஹாரன் அடித்தால் போதும், அவள் கீழே இறங்கிவிடுவாள்.