மூன்று பேரை நாலென்று சொன்ன நாள்

எதைக் கண்டாலும் எண்ணுகிறவன் நான். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் என் வீட்டுப் படிகள் பதினான்கு. மூலைக் கடைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. (கேட்டவர் எவருமில்லை.) வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் பிழையாக எண்ணினேன். அன்றைக்கு நாலு பேர் சாகப் பார்த்தார்கள்.

மருமகன் சுதன் சுவிஸில் வளர்ந்து லண்டனுக்கு வந்தவன். பனிமலை என்றால் அவனுக்கு உயிர். மூன்று வருடங்களுக்கு முன் அவனும் என் மகள் வதனியும் ஸ்கொட்லாந்து மலைக்குப் புறப்பட்டபோது, நானும் வருவதாகச் சொன்னேன். வயது அறுபத்தொன்பது, புத்தி ஒன்பது. மூன்று பேராகப் புறப்படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். போனால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கொண்டுபோக வேண்டும். வாசலில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

"இப்ப நாலு பேர்."

"நாலாவது ஆளுக்கும் சாப்பாடு கட்டினீங்களோ, அப்பா?" என்றாள் வதனி.

மலையில் ஒரு சரிவின் விளிம்பில் சுதன் பனியைக் குழியாக வெட்டிப் பார்த்தான். மேலே காற்று இறுக்கிய புதுப்பனி, பலகைபோல. அடியில் பழைய பனி, சீனிபோல உதிர்ந்தது.

"மாமா, மேல் பாளம் கீழ ஒட்டேல்லை. ஏலாது, திரும்புவம்."

"இவ்வளவு தூரம் வந்திட்டு ஒரு படமாவது எடுப்பம்" என்று சரிவுக்குள் ஐந்து அடி வைத்தேன். சுதன் ஓடிவந்து என்னை வெளியே தள்ளினான். தொம்மென்று ஒரு சத்தம். மேலே பனியில் நீளமாகக் கோடு விழுந்தது. பாளம் அப்படியே சரிந்து இறங்கியது. பிறகு சுதன் இல்லை.

வதனி கத்தவில்லை. சுதன் மார்பில் கட்டியிருந்த கருவியின் சமிக்ஞையைத் தேடிப் பிடித்துத் தோண்டினாள். நான் அவசர சேவைக்கு அழைத்தேன். எத்தனை பேர் என்று ஒரு பெண் கேட்டாள். மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சுதன் போய்விடுவான் என்று பட்டது.

"நாலு" என்றேன்.

ஒன்பதாவது நிமிடம் சுதனின் முகம் வெளிப்பட்டது. நீலம். பிறகு இருமினான். கால் முறிந்திருந்தது.

மீட்புக் குழுவில் எட்டுப் பேர் வந்தார்கள். நாலு பேர் சுதனிடம் போனார்கள். மற்ற நாலு பேர் சரிவில் நின்று நீளக் கம்பிகளால் பனியைக் குத்தினார்கள். அவர்களின் தலைக்கு மேலே மிச்சப் பாளம் தொங்கியது. எதைத் தேடுகிறார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை, குத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றெழுபதாவதில் குழுத்தலைவி வந்து, நாலாவது ஆளின் பெயரைக் கேட்டாள்.

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நாலெண்டே சொன்னீங்கள்?"

கல்லை எடுத்துக் கொடுத்தேன். தலைவி அதைப் புரட்டிப் பார்த்தாள். (அடியில் பெயர் எழுதியிருக்கும் என்று நினைத்தாளோ தெரியாது.) பிறகு விசில் ஊதி நாலு பேரையும் இறக்கினாள். கடைசி ஆள் வெளியே வந்து ஐந்து நிமிடத்தில் மிச்சப் பாளமும் விழுந்தது. அவர்கள் குத்திய துளை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுதன் இப்போதும் நொண்டித்தான் நடக்கிறான். வட லண்டன் எட்மண்டனில் அவர்கள் வீட்டு விருந்துகளில், கோப்பை வைக்க நான் ஆட்களை எண்ணத் தொடங்கினால், "நீங்கள் இருங்கோ மாமா, பிறகு இல்லாத ஆளைத் தேட ஹெலிகொப்டர் வந்திடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

வதனி சிரிப்பதில்லை. எழும்பி, சுதனில் தொடங்கி, எல்லோரையும் அவளே ஒருதரம் எண்ணுவாள்.