ராத்திரி ஆட்டமும் நல்லெண்ணெயும்

விஞ்ஞானபூர்வமாக யோசிப்பது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. நான் என் ஆயுளில் ஒரே ஒரு தடவை அப்படி யோசித்தேன். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு வாலிபர்கள் வாலிபால் மைதானத்தில் நின்றுகொண்டே தூங்கினார்கள். என் தங்கை கணவருக்குக் கிடைக்க இருந்த வேலை போயிற்று. தங்கை என்னோடு பேச்சை நிறுத்தினாள். அதற்குப் பிறகு விஞ்ஞானம் இருந்த திசையில் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தமிழ்நாட்டோடு சேர இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. எனக்கு வயது இருபத்தைந்து. நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. தோவாளைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் வாலிபால் டீமுக்கு மானேஜரும் நான்தான். (எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் பந்தும் வலையும் என் அப்பா வாங்கிக் கொடுத்தவை. ஆகவே என்னை விரட்டவும் முடியாது. ஆட்டத்தில் சேர்க்கவும் முடியாது. இப்படிப்பட்டவனுக்கு என்றே உண்டான பதவி அது.)

டீமின் பெரிய அடிக்காரர் சிவதாணு, என் தங்கை பகவதியின் கணவர். வலைக்கு மேலே எழும்பி அவர் அடித்தால் எதிர்ப்பக்கத்தில் பந்தைத் தடுக்கப் பார்க்கமாட்டார்கள், ஒதுங்கத்தான் பார்ப்பார்கள். அவ்வளவு திறமைக்கும் கையில் வேலை இல்லை. கல்யாணமாகி ஒரு வருடமாக எங்கள் வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஊருக்குத்தான் இருந்தது. பகவதி துணி துவைக்கப் போனால் அவள் காதுபட யாராவது, மாமனார் வீட்டுச் சோறு மாப்பிள்ளைக்கு நன்றாக ஒத்துக்கொண்டது என்று சொல்லுவார்கள். அவள் திரும்பி வந்து அடுக்களையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைக்கு அந்தப்புறம் ஒரு நூல் மில்லில் வாலிபால் டீம் தொடங்குகிறார்கள் என்று தெரிய வந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை. ஆரல்வாய்மொழி டீமோடு எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டம் என்றும், மில் அதிகாரி நேரில் வந்து பார்த்து ஆள் எடுப்பார் என்றும் ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அது ஆடி மாதம். வெயில் ஏறி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முழுசாகக் கிளம்பிவிட்டால், இங்கே தட்டின பந்தைத் திருநெல்வேலிச் சீமையில் போய்த்தான் பொறுக்கவேண்டும்.

பகவதி அன்றிலிருந்தே குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ள ஆரம்பித்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் அன்றைக்கு நன்றாக ஆடவேண்டும், அதற்கு நீ பொறுப்பு என்றாள். நானும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். (ஏற்றுக்கொள்வதில் எனக்கு என்றைக்குமே தயக்கம் கிடையாது.)

இதற்கிடையில் நாகர்கோவில் கோட்டாற்றுக் கடைத்தெரு வியாபாரிகள் ஒரு ஷீல்டுப் போட்டி வைத்தார்கள். நாங்கள் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். ஆரல்வாய்மொழி ஆட்டத்துக்கு முதல் நாள்தான் அது. சனிக்கிழமை சாயங்காலம் நடந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பார்க்கவேண்டிய முதலாளிகள் கடை அடைக்க ஒன்பது மணி ஆகும். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக வரவேண்டும். ஆகவே ஆட்டத்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நாலு மூலையிலும் பெரிய மின்சார பல்பு. மைக் செட்டும் உண்டு. மைக் செட்டுக்காரர் ஒரு கல்யாண வீட்டை முடித்துவிட்டு வந்த பிறகுதான் ஆட்டம். உட்கார்ந்து பார்க்கிறவர் வசதிக்கு ஓடி ஆடுகிறவன் விழித்திருக்கவேண்டும் என்ற நியாயத்தை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

சிவதாணு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மச்சான், கோட்டாறு வேண்டாம். மறுநாளு காலையில நான் ஆடணும்லா.”

நியாயமான பேச்சு. ஆனால் அந்த மைக்கில் ஆட்டத்துக்கு முன்னால் மானேஜர் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தகவல் வந்திருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியுமா? ஊர் மானம், விளையாட்டு தர்மம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன்.

ஆனாலும் உள்ளூர ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. அந்த வாரம் வாசகசாலையில் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டைப் பற்றி நீளமான கட்டுரை. (ஒருவன் எறிகிறான், ஒருவன் கட்டையால் அடிக்கிறான், பிறகு எல்லாரும் ஓடுகிறார்கள். அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை.) அங்கே டெலிவிஷன் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். ஜனங்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியில் ஆட்டம் பார்க்கிறார்களாம். அதனால் ஆட்டத்தை ராத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்களாம். ஆடி முடித்த கையோடு டீம் ரயிலேறி, விடிய விடியப் பயணம் செய்து, மறுநாள் வேறொரு பட்டணத்தில் ஆடவேண்டுமாம். தூக்கம் இல்லை, ஓய்வு இல்லை, கை கால் எழும்பவில்லை என்று ஆட்டக்காரர்கள் புலம்புகிறார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அப்படியே எங்கள் கதை! பெட்டிக்குப் பதில் கோட்டாறு, ரயிலுக்குப் பதில் மாட்டுவண்டி, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு என்ன செய்யவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருப்பதாகப் போட்டிருந்தது. அடுத்த பக்கம் இல்லை. அதன் பின்புறத்தில் ஏதோ நல்ல படம் இருந்திருக்கும் போல. எவனோ ரசிகன் கிழித்துக்கொண்டு போயிருந்தான்.

ஆகவே பரிகாரத்தை நானே கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று. அங்கேதான் விஞ்ஞானம் என்னைப் பிடித்தது. ராத்திரி கண் விழித்தால் உடம்பில் என்ன ஏறும்? சூடு. சூட்டுக்கு மருந்து என்ன? தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது. அமெரிக்காக்காரனுக்கு நல்லெண்ணெய் கிடையாது. பாவம், அவன் கஷ்டம் அதுதான். விடியற்காலையில் ஆரல்வாய்மொழி போய்ச் சேர்ந்ததும் டீம் முழுவதுக்கும் எண்ணெய்க் குளியல், அதன்மேல் சூடாக உளுந்தங்கஞ்சி, அப்புறம் ஆட்டம். ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதியும் வைத்தேன்.

பகவதிதான் மிளகும் சீரகமும் போட்டு எண்ணெயைக் காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். சீயக்காய்ப் பொடியை ஒரு பொட்டலமாகக் கட்டித் தந்தாள். தந்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, இது ஆட்டத்துக்கு முன்னயா, பொறவா?”

“முன்ன” என்றேன்.

“பொறவு தேய்க்கச் சொல்லு. எண்ணெ தேச்சுக் குளிச்சா ஒறக்கம்லா வரும்.”

எட்டாவதோடு படிப்பை நிறுத்தின பெண்ணிடம் உடற்கூறு சாஸ்திரத்தை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியோடு கிளம்பினேன்.

கோட்டாற்று ஆட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். என் பெயர் அவ்வளவு நீளமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஷீல்டையும் ஜெயித்தோம். மேடைக்குக் கூப்பிட்டு மறுபடி ஒருதரம் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பரவசத்தில் கையிலிருந்த சீயக்காய்ப் பொட்டலத்தை மேடையிலேயே வைத்துவிட்டு ஷீல்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பிறகு ரசவடை, காப்பி, பாராட்டு. வண்டி கட்டும்போது மணி இரண்டு.

வண்டியில் எல்லாரும் தூங்கவேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். ஜெயித்த ஆறு பேர் ஒரே வண்டியில் போனால் தூங்குவார்களா? ஆரல்வாய்மொழி வரும்வரை ஒவ்வொரு பாயிண்டையும் மறுபடி ஆடினார்கள். தூங்குங்கள், தூங்குங்கள் என்று நான் போட்ட சத்தத்தில், கொஞ்சம் கண்ணயர்ந்த ஒருவரும் எழுந்துவிட்டார்.

குளத்தங்கரையில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. உச்சியில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை நானே நின்று தேய்க்க வைத்தேன். சூடு என்று சொன்னதும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சூட்டில் நம்பிக்கை இல்லாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. நன்றாக ஊறின பிறகுதான் சீயக்காய் இல்லை என்பது தெரிந்தது. கரையில் இருந்த மண்ணை எடுத்துத் தேய்த்தார்கள். மண் போயிற்று, எண்ணெய் போகவில்லை. தெரிந்த வீட்டில் சொல்லிவைத்திருந்தபடி உளுந்தங்கஞ்சி வந்தது. கருப்பட்டியும் தேங்காயும் போட்ட கஞ்சி. ஆளுக்கு இரண்டு செம்பு.

ஏழு மணிக்கு மைதானத்தில் மில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, மடியில் ஒரு நோட்டு. நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

முதல் சர்வீஸ் போட்ட எங்கள் ஆளின் கையிலிருந்து பந்து வழுக்கிப் பின்னால் போயிற்று. பத்துப் பாயிண்டுக்குள் பந்தே பளபளவென்று ஆகிவிட்டது. எதிர் டீம் புகார் சொல்ல, நடுவர் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணில் உருட்டித் துடைத்தார். இது போதாதென்று கணவாயிலிருந்து இதமான காற்று வீச ஆரம்பித்தது. எண்ணெய்க் குளியல், உளுந்தங்கஞ்சி, அதற்குமேல் அந்தக் காற்று. ஒருவர் கொட்டாவி விட்டார். அது வரிசையாக ஆறு பேருக்கும் போயிற்று. நான் எல்லைக்கோட்டோரமாக ஓடி ஓடி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து, யார் என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது செட்டில் சிவதாணுவுக்கு வாகாக ஒரு பந்து வந்தது. வலைக்கு மேலே, அவருக்கென்றே தூக்கிக் கொடுத்தது. அவர் கம்பத்தில் கையை ஊன்றி நின்றிருந்தார். பந்து அவர் தோளில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போயிற்று. அவர் அசையவில்லை. லேசான குறட்டை வேறு.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி எழுந்து வந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை, அவர் ரொம்பப் பரிவாகப் பேசினார். “ஆளு ஜோராத்தான் இருக்கீங்க தம்பி. தலையில என்ன இவ்வளவு எண்ணெய்?”

“தேச்சுக் குளிச்சேன் சார். ராத்திரி கோட்டாத்துல ஆட்டம். முழிப்பு.”

“ஆட்டத்துக்கு முன்னாலயா? யாரு சொல்லித் தேச்சீங்க?”

சிவதாணு என்னைப் பார்க்கக்கூட இல்லை. “நானாத்தான் சார்” என்றார்.

மில்லில் ராத்திரி ஷிப்டு உண்டு, அது முடிந்து மறுநாள் ஆட்டத்துக்கும் வரவேண்டியிருக்கும், இவருக்கு அது ஒத்துவராது என்று அதிகாரி சொன்னார். ஆரல்வாய்மொழிப் பையன் ஒருவன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். நான்தான் சார் தேய்க்கச் சொன்னேன், இவர் வேண்டாம் என்று சொன்ன ஆட்டத்துக்கு நான்தான் இழுத்துப் போனேன் என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. கோட்டாற்றில் அவ்வளவு சத்தமாகக் கேட்ட பெயருக்கு உரிய மானேஜர், வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் நான் இன்றுவரை சிரிக்காத இடம் இது ஒன்றுதான்.

பகவதிக்கு நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. வேலை போனதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “அவரு ஒனக்காவச் சொன்னாரு. நீ ஏன் சும்மா நின்ன?” என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதை அவள் ஒரு கலையாகவே வளர்த்தாள். எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, சோறு ஆறுகிறது என்று சுவரிடம் சொல்லுவாள். நான் சுவரைப் பார்த்து, கொஞ்சம் ரசம் வேண்டும் என்பேன். சிவதாணு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அவருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் கழித்து, என் சிபாரிசு எதுவும் இல்லாமல் (அதனால்தான் என்று பகவதி சுவரிடம் சொன்னாள்), நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு டிரில் மாஸ்டர் வேலை கிடைத்தது. வடசேரியில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவள் சுவரிடம்தான் சொல்லிக்கொண்டாள்.

அதற்கு ஆறு மாதம் பிற்பாடு எனக்குக் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை. முதல் நாள் ராத்திரி வீடு கொள்ளாத ஆள். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற சடங்குக்கு என்னை மணையில் உட்கார வைத்தார்கள். கூடப்பிறந்தவள்தான் முதலில் வைக்கவேண்டும். அறுகம்புல்லால் தொட்டு மூன்று சொட்டு வைத்தால் போதும். பகவதி வந்தாள். புல்லைக் கீழே வைத்தாள். கிண்ணத்தை அப்படியே என் உச்சியில் கவிழ்த்தாள். இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, குனிந்து என் காதில் சொன்னாள்: “முழிப்புல்லா அண்ணே, சூடு எறங்கட்டும்.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து யாரோ துண்டு நீட்டினார்கள். சீயக்காயை அவள் ஒளித்து வைத்துவிட்டாள் என்பது குளிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. அப்புறம் சிவதாணு, முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லி, ஒரு செம்பு உளுந்தங்கஞ்சியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அந்தக் கல்யாணப் போட்டோ இப்போதும் எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. என் மனைவி தலை குனிந்திருக்கிறாள். நான் தாலியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறேன். பின்னால் நின்று சிவதாணு என் கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். பகவதி வாயில் முந்தானையை வைத்திருக்கிறாள். புதிதாக வருகிற விருந்தாளிகள், மாப்பிள்ளை சாமி கும்பிடுகிறாரா என்று கேட்பார்கள். என் மனைவி காப்பியைக் கொடுத்துக்கொண்டே சொல்லுவாள்:

“எங்க கல்யாணத்த ஊரே பாத்துது. இவிய மட்டும் பாக்கல்ல.”