சோடா பாட்டிலுக்கும் கட்டி

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, ஒரு லாட்ஜின் முன்னறையில் மருத்துவப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு மட்டும் அது தெரியாது. பாவம், அவர்களுக்கு நோயாளிகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

புரட்சியின் பெயர் மூச்சு மகான். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. ஊதினால் போதும். கண்ணாடி ஜாடியில் தெளிந்த தீர்த்தம் இருக்கும். அதில் ரப்பர் குழாயை விட்டு நோயாளி ஊத வேண்டும். தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்து, கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும்.

"பாத்தீங்களா? கட்டி கரைஞ்சு வெளிய வருது!" என்பார் மகான். கூட்டம் வாயைப் பிளக்கும். வாராவாரம் வந்து ஊத வேண்டும். என்றைக்குத் தண்ணீர் வெளுக்காமல் நிற்கிறதோ அன்றைக்கு நோய் தீர்ந்தது. மகான் காசைக் கையால் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம். தொடுவதற்கு மச்சானை வைத்திருந்தார்.

"எதிர்ல பயாப்சி, பயாப்சின்னு மிரட்டுறாங்க. பேர்லயே பயம் இருக்கு பாருங்க!"

கூட்டம் சிரித்தது. அதில் ஒரு வங்கி மேலாளரும் ஓர் என்ஜினீயரும் இருந்தார்கள். படித்தவர்கள் சிரித்ததைப் பார்த்துப் படிக்காதவர்கள் நம்பினார்கள். இத்தனை பேர் நம்புகிறார்களே என்று படித்தவர்களும் நம்பினார்கள்.

அந்த வரிசையில்தான் நம் தையல்காரம்மாவும் நின்றாள். ஸ்கேனில் வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நிழல். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டர் தேதி கொடுத்தார். கொடுத்த தேதிக்கு அவள் போகவில்லை. காரணம், ஆஸ்பத்திரி பெஞ்ச். அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அரை டாக்டர்கள். "கட்டியைக் குத்தினா காத்துப் பட்டுப் பரவிடும்" என்றார் ஒருவர். நுரையீரலுக்குள் இருப்பதே காற்றுதான். அதில் இருக்கும் கட்டிக்கு இனிமேல் எந்த ஊர்க் காற்று பட வேண்டுமோ, யாரும் கேட்கவில்லை.

அவள் கணவர் லாரி டிரைவர். எஞ்சினில் சின்னச் சத்தம் கேட்டாலும் திறந்து பார்க்காமல் வண்டியை நகர்த்தாதவர். பெண்டாட்டி நெஞ்சில் சத்தம் கேட்டபோது மட்டும், திறந்து பார்க்க வேண்டாம், ஊதினால் போதும் என்று முடிவு செய்தார்.

இரண்டு மாதத்தில் அவள் இருமல் கூடியது. உடம்பு வற்றியது. தன் ரவிக்கையைத் தானே இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டாள். அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தார். லாரி டிரைவருக்கு அக்கா, பள்ளியில் அறிவியல் டீச்சர், போன வருஷம் இதே பயாப்சியைச் செய்துகொண்டவர்.

"நிஜத்தைச் சொல்லுங்க அண்ணி. வலிச்சுதா?"

"மரத்துப்போற ஊசி போடறப்ப சுருக்குன்னுச்சு. அப்புறம் குப்புறப் படுக்க வச்சு, மூச்சைப் பிடிங்கன்னாங்க. ஸ்டேப்ளர் அடிச்ச மாதிரி டக்குன்னு ஒரு சத்தம். பயந்துட்டேன்தான். நர்ஸ் கையைப் பிடிச்சு நசுக்கிட்டேன். நிஜமா வலிச்சது அந்தப் பொண்ணுக்குத்தான்."

"ஆபத்தே இல்லையா?"

"எச்சில்ல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. சில பேருக்கு நுரையீரல்ல இருந்து காத்து கசியுமாம். அதனால எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு விட்டாங்க. எல்லாத்தையும் முன்னாடியே சொன்னாங்க. உங்க மகான் என்ன சொன்னாரு?"

"எல்லாம் சரியாயிடும்னாரு."

"எனக்கு வந்தது டி.பி. அது தெரிஞ்சதாலதான் மாத்திரை சாப்பிட்டுத் தேறினேன். உனக்கு என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. அந்த ஜாடிக்கும் தெரியாது."

தையல்காரம்மா அழுதாள். "குத்தறதுக்குப் பயமில்ல அண்ணி. என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் பயமா இருக்கு."

டீச்சர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நானும் வந்து ஊதறேன். மகான் நிஜம்னா அவர் சொல்றபடி கேப்போம். பொய்யின்னா நீ என்கூட எதிர்ல வரணும்."

மறுநாள் லாட்ஜில், சுவரில் இருந்த ஒரு வெல்டரின் படத்தை டீச்சர் பார்த்தார். கீழே 'பூரண குணமடைந்தவர்' என்று எழுதியிருந்தது.

"இவரைப் பாக்க முடியுமா?"

"போன மாசம் இறந்துட்டாரு" என்றார் மச்சான்.

"எதனால?"

"அது தெரியாதுங்க. ஆனா நோய் இல்லாமத்தான் இறந்தாரு."

டீச்சர் ஊதினார். தண்ணீர் வெளுத்தது. "உனக்கும் இருக்கும்மா" என்றார் மகான், உருக்கமாக. புது ஜாடியில் லாரி டிரைவர் ஊதினார். வெளுத்தது. "ஆரம்ப நிலை!"

"இப்ப நீங்க ஊதுங்க."

"மகான்கள் மூச்சை வீணாக்க மாட்டாங்க."

"பரவாயில்ல. இவன் ஊதட்டும்." டீச்சர் பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்தார். திறந்து, அதன் வாயில் குழாயைச் செருகி, ஈரக் கைக்குட்டையால் இறுக்கி, லேசாகக் குலுக்கினார். மறுமுனையை இன்னொரு புது ஜாடியில் விட்டதும் அது குபுகுபுத்தது. பால் மாதிரி வெளுத்தது.

"சோடா பாட்டிலுக்கும் கட்டி! எத்தனை வாரம் ஊதணும் மகானே?"

மகான் மச்சானைப் பார்த்தார். மச்சான் வாசலைப் பார்த்தார். டீச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் பள்ளிக்கூடம் போனவங்கதானே? தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால்…"

"பால் போல் மாறும்!" வங்கி மேலாளரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. என்ஜினீயர் சொன்னார். வரிசையே கோரஸாகச் சொன்னது. சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மார்க் வாங்கித் தந்த வாக்கியம். அதற்கு அர்த்தமும் உண்டு என்று இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"நாம எல்லாரும் வெளிய விடற மூச்சுல அந்த வாயு இருக்கு. சோடாவுலயும் அதுதான். யார் ஊதினாலும் வெளுக்கும்." ஜாடிகளை நிரப்பிய குடத்துக்குப் பின்னால், மேஜைக்கு அடியிலிருந்த இன்னொரு குடத்தை டீச்சர் இழுத்து, அதில் குழாயை விட்டு ஊதினார்; தண்ணீர் தெளிவாகவே நின்றது. "இது வெறும் தண்ணி. இது வெளுக்காது. உங்க கையில காசு இருக்கிறவரைக்கும் சுண்ணாம்புத் தண்ணி. காசு தீந்ததும் இந்தத் தண்ணி. குணமாயிடுச்சு, வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாரு."

கூட்டத்துக்கு இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு, வெண்ணெய் முழுக்க மச்சானுக்கு. கணக்குப் புரிந்து கூட்டம் திரும்புவதற்குள் மகானும் மச்சானும் கொல்லைப்புற வழியாக ஓடிவிட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாக மகானுக்கு மூச்சு வாங்கியது.

தையல்காரம்மா அந்த வாரமே பயாப்சி செய்துகொண்டாள். வெளியே வந்ததும், "இதைத் தள்ளிப்போடவா ரெண்டு மாசம் ஊதினேன்?" என்றாள். முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். டாக்டர் ஒளிக்கவில்லை. "முன்னாடியே வந்திருந்தா ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும். இப்ப மருந்தும் ஏத்தணும். ஆனா வைத்தியம் இருக்கு" என்றார். லாரி டிரைவர் வராந்தாத் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். இரண்டு மாதத்தை எந்தத் தூணும் திருப்பித் தராது.

மருந்து ஏற்றிய முதல்நாள், ஆஸ்பத்திரி வாசலில் வங்கி மேலாளர் டீச்சரை மடக்கினார். இருமிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நல்லவேளை, அவன் போலின்னு காட்டிக் கொடுத்தீங்க டீச்சர். நிஜமான மகான் யாராவது தெரியுமா?"

"தெரியும் சார். உங்க கழுத்துக்கு மேலதான் உக்காந்திருக்காரு. ரொம்ப வருஷமா யாரும் போய்ப் பாக்கலை, அவ்வளவுதான்."