உங்கள் தங்கையும் நீங்கள் பிடித்துக் கொடுத்த கேரவனும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். அங்கு நீங்கள் நலம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்தவனை வண்டியேற்றி அனுப்பிவிட்டு ஈசிசேரில் சாய்ந்திருக்கும் மனிதருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? உங்கள் வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நடந்ததை எல்லாம் நீங்கள் வசதியாக மறந்திருப்பீர்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். ஊரில் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கும் சனங்கள் உயிரோடு இருப்பதற்கு என் கையெழுத்துதான் காரணம். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது நாலு குறை கண்ணில் படத்தானே செய்யும்? அடுப்புக் குழாய் நைந்திருந்தது, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். துணி துவைக்கும் மெஷின் ஆடியது, அதற்கும் ஒட்டினேன். பரண் ஏணி, இஸ்திரிப் பெட்டி, உங்கள் தங்கை காலங்காலமாக உட்காரும் பிரம்பு நாற்காலி எல்லாவற்றுக்கும் முறைப்படி ஒட்டினேன். இதற்கு நன்றி சொல்ல வேண்டியவள், “எனக்கு எப்ப ஒட்டப்போறீங்க?” என்று கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் போட்டு, “அண்ணே, இந்த மனுஷனோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது, நான் அங்கேயே வந்துடறேன்” என்றாள். விவரமான அண்ணனாக இருந்தால் தங்கைக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்லியிருப்பார். நீங்களோ பெரிய பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி, “ஒரு வாரம் ரெண்டு பேரும் கேரவன்ல, அதான் சக்கரம் வெச்ச வீட்டுல, சுத்திட்டு வாங்க. அப்பவும் ஒத்து வரலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று தீர்ப்புச் சொன்னீர்கள். முழு வீட்டில் சேர்ந்திருக்க முடியாத இரண்டு பேரை அலமாரி அளவு வீட்டில் போட்டுப் பூட்டினால் ஒற்றுமை வந்துவிடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்பீர்கள். அவள் நிஜமாகவே போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் பிடித்துக் கொடுத்த வாடகை வண்டியை எங்களிடம் ஒப்படைத்தவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த ஆள் நிழலில் நிற்கும்போதுகூடக் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. மேஜையை மடக்கினால் கட்டில் என்றான், கட்டிலை மடக்கினால் சோபா என்றான், சோபாவைத் தூக்கினால் தண்ணீர்த் தொட்டி என்றான். இதில் எதையாவது எதுவாகவும் இல்லாமல் சும்மா வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். “சிம்பிள் சார்” என்றான். இந்த வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டேன். “உங்க ரெண்டு பேருக்குத் தாராளம் சார்” என்றான். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தப் பதிலைச் சொன்னவன் கட்டடத்தையே இழுத்துப் பூட்டியிருப்பேன். கடைசியில் சாவியைக் கையில் திணித்து, “உங்க சொந்த வீடு மாதிரியே நெனச்சுக்கங்க சார், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த ஒரு வாக்கியத்தால் நாங்கள் பட்ட பாட்டைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். தரை சமமாக இல்லை. என் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வண்டித் தரையில் வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. சாய்ந்த தளத்தில் அடுப்புப் பற்றவைக்க அனுமதிக்க முடியாது என்று சொல்லி, சக்கரத்துக்கு அடியில் பலகை, கல், பழைய செங்கல் என்று கிடைத்ததை எல்லாம் கொடுத்து மட்டம் சரி பண்ணினேன். அதுவரை உங்கள் தங்கை பால் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். பிறகு கழிவறையைச் சோதித்தேன். கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, வண்டி ஓடும்போது திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. உடனே ஒட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் மழை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு சாலையோரப் பெட்ரோல் பங்க் வரை நடந்து போய்விட்டு வந்து, “இப்போ தண்டனை யாருக்கு? கக்கூஸுக்கா, எனக்கா?” என்று கேட்டாள். பாதுகாப்பு விஷயத்தில் இப்படி உணர்ச்சிவசப்படக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன்.

மறுநாள் மலைக்குப் போகும் வழியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்து, இரண்டு பேரும் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே ஏறினோம். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் அப்படித்தானே நுழைகிறோம்? உள்ளேயே நடந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். அடுத்த ஊரில் கதவைத் திறந்த உங்கள் தங்கை, “செருப்பைக் காணோங்க” என்றாள். “எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான்” என்றேன். “ஓடற வண்டியிலயா?” என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு என்பது வாசலையும் செருப்பையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது போகாமல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் தெரியாத ஒரு பொருளை வீடு என்று சொல்லி வாடகைக்கு விடுகிறவனை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு கடை, அதுவும் விளையாட்டுச் சாமான் கடை. உங்கள் தங்கை கிளிப்பச்சையில் ஒரு ஷூவை எடுத்து, நாடாவை இழுத்துக் கட்டி, கடைக்குள்ளேயே இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். என் வயதில் அந்த நிறங்களைக் காலில் மாட்டிக்கொள்ள முடியாது என்பதால், கடைக்காரர் தன் குளியலறையில் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் என் இரண்டு காலையும் ஒரே செருப்பில் விட்டாலும் இடம் மிச்சமிருக்கும்.

மலை ஏற ஆரம்பித்தோம். நாலாவது வளைவில் செருப்பு கிளட்சிலிருந்து வழுக்கியது, வண்டி பின்னால் உருண்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி வழுக்கியது. உள்ளே தட்டு, டம்ளர், மேஜையா கட்டிலா என்று தெரியாத அந்தப் பலகை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பின்னால் மலையடிவாரம் வரை வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, “பெருசு, ஏத்தப்போறியா, இல்ல இங்கயே குடித்தனம் வெக்கப்போறியா?” என்றான். நான் அவனுக்குச் சாலை விதிகளை விளக்க ஆரம்பித்தபோது பக்கத்திலிருந்து, “எறங்குங்க” என்று ஒரு குரல் கேட்டது.

“என்னது?”

“எறங்கி இந்தப் பக்கம் வாங்க. என் கால்ல ஷூ இருக்கு.”

அவளிடம் லைசென்ஸ் இருப்பது உங்களுக்கும் தெரியும். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது கூடவே போய் இவளும் வாங்கி வந்தாள். நான் சாவியைக் கொடுத்ததில்லை. கொடுக்கும்படியான சாலைகள் நம் ஊரில் இல்லை. ஆனால் அந்த லாரிக்காரன் முன்னால் வாக்குவாதம் செய்ய எனக்கு மனமில்லை, இறங்கி மாறி உட்கார்ந்தேன். உங்கள் தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணாடியைத் திருப்பி, வண்டியை எடுத்தாள். அது போயிற்று. என்னிடம் சண்டித்தனம் பண்ணிய வண்டி அவளிடம் பசு மாதிரி நடந்துகொண்டது. “செகண்ட் கியர்” என்றேன். “வளைவு வருது” என்றேன். “வலது பக்கம் பள்ளம்” என்றேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, என் பையிலிருந்து காகிதமும் பசையும் எடுத்து, ‘பேசக் கூடாது’ என்று எழுதி எனக்கு நேர் எதிரே ஒட்டிவிட்டுத் திரும்பவும் ஓட்டினாள். முறைப்படி தேதி போடவில்லை, கையெழுத்தும் இல்லை. ஆகவே அது செல்லாது.

அன்றிலிருந்து எல்லாம் அவள் இஷ்டம்தான். நினைத்த இடத்தில் நிறுத்துகிறாள், அதுவும் சரிவான இடமாகப் பார்த்து. முட்டை ஊற்றினால் மஞ்சள் கரு ஓடிப்போய் வாணலி ஓரத்தில் நிற்கிறது, அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறாள். பக்கத்தில் நிறுத்துகிற வண்டிக்காரர்கள் எல்லாம் அவளை ‘டிரைவர் அக்கா’ என்கிறார்கள். என்னை ‘டிரைவர் அக்கா வீட்டுக்காரர்’ என்கிறார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவன் என்னிடம், “சார், கண்ணாடி தொடைக்கத் துணி வேணுமா?” என்று கேட்டான். நான் சான்றிதழ் கொடுத்தால்தான் லிஃப்ட் ஓடும் என்று இருந்த நாட்டில் இப்போது நான் கண்ணாடி துடைக்கிறேன். அவள் சிரிக்கிறாள். வீட்டில் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள், ஆனாலும் சிரிக்கிறாள்.

சனிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நேற்று அவளிடம், “வீட்டுக்கு வர்றியா, உங்க அண்ணன் வீட்டுக்குப் போறியா?” என்று நேராகவே கேட்டேன். “யோசிக்கிறேன்” என்றாள். யோசிக்கிறவளிடம் கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறேன் என்பது என் பிரச்சினை, உங்களுடையது அல்ல. ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு, சனிக்கிழமை அந்தக் கூலிங் கிளாஸ்காரன் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு வந்து சேரவும். உங்கள் தங்கை உங்களோடு வருவதாகச் சொன்னால் அழைத்துக்கொண்டு போகவும். இந்த வண்டியும், இந்த யோசனையும், இதைச் சொன்ன வாயும் எந்தச் சோதனையிலும் தேறாது என்பது என் முடிவான அறிக்கை.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டம்மாவுக்குப் பொறுமையும், உங்களுக்கு இனிமேலாவது நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
லிஃப்ட் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சனிக்கிழமைன்னு இருக்கறதை மட்டும் அடிச்சிடுங்க” என்றாள். வண்டி இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று காலையிலேயே கம்பெனிக்குச் சொல்லிவிட்டாளாம். “அண்ணன் வீட்டுக்கும் போகல, நம்ம வீட்டுக்கும் இப்போ வரல. கடல் வரைக்கும் போறேன். நீங்க வர்றதா இருந்தா பக்கத்து சீட்டுல உக்காருங்க” என்றாள். “நான் வரலேன்னா?” என்று கேட்டேன். “பஸ் ஸ்டாண்டு கீழதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். இதற்கு மேல் எழுத்து கோணலாக இருந்தால் சாலை அப்படி, என் கை அல்ல. வண்டி மட்டமானது என்ற என் கருத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சிரமப்பட்டுப் புறப்பட்டு வர வேண்டாம், இதிலிருந்து இறங்குவதற்கு ஆள் இல்லை.