ஆயிரம் மடங்கு தொங்கிய பாலம்

எனக்கு எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வராது. தூறல் போட்டால் செம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்பேன். தும்மல் வந்தால் டைஃபாய்டு. அப்படிப்பட்டவளை ஒரு மென்பொருள் அதே வித்தையால் கவிழ்த்தது என்றால், நியாயம்தான்.

தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரின்சிபால் வந்து என் வகுப்பைப் பார்த்துத் தலையாட்டினால்தான் வேலை நிரந்தரம். டிசைன் வகுப்பு என்றாலே பசங்க தூங்கி வழிவார்கள். நான்தான் புத்திசாலியாயிற்றே (நினைப்புதான்!), கணினியிலேயே பாலம் கட்டி, பாரம் ஏற்றிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருளைக் கொண்டுவந்து, "சிட்லபாக்கம் ஏரிக் கால்வாய்க்கு ஒரு நடைபாலம் போடுங்க" என்றேன்.

போட்டார்கள். பிரின்சிபால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பாரத்தை ஏற்றினேன். திரையில் பாலம் தூளி மாதிரி தொங்கியது.

"என்னம்மா, குழந்தையைப் போட்டு ஆட்டலாம் போலிருக்கே?" என்றார் பிரின்சிபால்.

"இரும்பு பத்தலை சார்" என்று சமாளித்தேன். "டேய், தடிமனை ரெண்டு மடங்காக்குங்க!"

ஆக்கினார்கள். இம்மியும் குறையாமல் அதே தொங்கல். மறுபடி கூட்டினோம். ஊஹூம். வகுப்பே எழுந்து நின்று, "இன்னும் ஏத்து மச்சான்!" என்று கத்தியது. மின்சார ரயிலே போகலாம் என்ற அளவுக்கு இரும்பைக் கொட்டியாயிற்று. பாழாய்ப்போன பாலம் அப்படியே தொங்கியது. வேலை போச்சுடா சாமி என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது ரியாஸ் கையைத் தூக்கினான். கடைசி பெஞ்ச், அதுவரை என் வகுப்பில் கண்ணைத் திறந்தே அறியாதவன்.

"மேம், ஓரத்துல பொடி எழுத்துல ஆயிரம் மடங்குன்னு போட்டுக்கீது. நெசமா நூலளவுதான் தொங்குது. கண்ணுக்குத் தெரியணும்னு அதுவா பெருசாக்கிக் காட்டுது. நாம இரும்பு ஏத்த ஏத்த, அதுவும் மடங்கை ஏத்திக்கினே கீது மேம்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ முதல்ல கட்டின பாலமே போதும்?"

"போதும் சார்!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"இரும்புக் கடைக்காரங்க பார்த்தா மேடத்துக்குச் சிலையே வைப்பாங்க" என்றபடி பிரின்சிபால் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "ஆனா இந்த செக்‌ஷன் முழிச்சிருந்து இன்னைக்குத்தான் பார்க்கறேன். சாஃப்ட்வேரும் இருக்கட்டும், நீங்களும் இருங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம், "காலேஜே கைகொட்டிச் சிரிக்குது. இனிமே தாம்பரத்துல தலைகாட்ட முடியாது" என்று நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பினேன்.

"ஓரத்துல எத்தனை மடங்குன்னு போட்டிருக்கு?" என்றார் மனிதர்.

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பேச்சு. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். சத்தியமாக எழுந்திருக்க முடியவில்லை. "ஐயோ, இடுப்பு போச்சே!" என்று அலறினேன்.

"எத்தனை மடங்கும்மா?" என்றாள் மகள், ஹாலில் இருந்தபடியே.

"ஒரே மடங்குதான்டீ!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் வரவில்லை.