பிலோமினா அக்காவை நான் கொன்ற கதை

கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும். பிரியாணிக் கடைக்கும் இதுதான் விதி, இணையத்தில் ஊர்ப் பேச்சு பேசும் மன்றத்துக்கும் இதுதான் விதி. இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு கொலை செய்ய வேண்டியிருந்தது.

ஆவடி, பூந்தமல்லி மக்கள் தண்ணீர் லாரி, பவர் கட், பட்டா என்று பேசிக்கொள்ள ஓர் இணைய மன்றம் நடத்திவந்தேன். (மக்கள் என்றால் நானும் என் மச்சினனும்.) சர்வருக்கு மாதாமாதம் வாடகை. "ஊட்டு வாடகை போதாதுன்னு இதுக்கு வேறயா? விளம்பரம் வரலன்னா இழுத்து மூடுங்க" என்றாள் மனைவி ஜெசிந்தா.

பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனேன். "நீயே கேக்குற, நீயே பதில் சொல்லிகினு கீற. நாலு பேரு வரட்டும் நைனா, விளம்பரம் தர்றேன்" என்றார்.

யாரும் வரவில்லை. ஓர் ஆளை நானே உண்டாக்கினேன்: பாரிவாக்கம் பிலோமினா அக்கா. தனிக்கட்டை, வாய் ஜாஸ்தி, மனசு தங்கம். சளிக்குக் கஷாயம் சொல்வார், மனை புரோக்கர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார். அக்காவிடம் திட்டு வாங்கவே ஜனம் குவிந்தது. பாயின் விளம்பரமும் வந்தது. உண்மை ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும்.

வினை என்னவென்றால், அக்காவைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் எழுத வேண்டியவன் நான். ஆபீஸில் அக்கா, பஸ்ஸில் அக்கா, சாப்பிடும்போதும் அக்கா. கை ஓய்ந்துபோய், 'அக்கா மாரடைப்பில் காலமானார், அடக்கம் சொந்த ஊரில் முடிந்தது' என்று எழுதிப் போட்டேன். (பிணத்துக்கு எங்கே போவது?)

மன்றமே கதறியது. எங்கள் சர்ச்சிலேயே பூசைக்குச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை சாமியார், "பாரிவாக்கம் பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தபோது ஜெசிந்தா என் தொடையைக் கிள்ளினாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

பூசை முடிந்ததும் வாசலில், மன்றத்துக்கு வரும் ஓர் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"போன வாரம்கூட பஸ் ஸ்டாப்பாண்ட பாத்தேன் சார்."

"யாரை?"

"பிலோமினா அக்காவத்தான். இடது காலை லேசா இழுத்துகினு நடக்குமே!"

என் சிரிப்பு செத்தது. அக்காவை மனதுக்குள் நான் அப்படித்தான் நடக்கவிட்டிருந்தேன். ஆனால் அந்தக் காலைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதியதில்லை, ஜெசிந்தாவிடம்கூடச் சொன்னதில்லை.

"வேற யாரையாவது பாத்திருப்பீங்கம்மா."

"அட, பேர அதுதானே சொல்லிச்சு! உங்களப் பத்திகூட சொல்லிச்சே. 'அந்த ஆளு என்னை ஒரு நிமிஷம் சும்மா உக்கார உட மாட்றான்'னு."

சுள்ளென்ற வெயில். எனக்கோ குளிரில் பல் அடித்துக்கொண்டது. ஜெசிந்தா கிள்ளுவதை நிறுத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் காதர் பாய் அழுது கண் சிவக்க வந்து நின்றார். "அக்கா இல்லாத எடத்துல எனக்கு இன்னாத்துக்கு நைனா விளம்பரம்?" என்றார். பாய் போனார், பின்னாலேயே ஜனமும் போனது. மன்றத்தை இழுத்து மூடினேன்.

இன்றும் கல்லறைத் திருநாளுக்கு ஜெசிந்தா ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்குவாள். யாருக்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "இவரு கட்டினது என்னை. கொன்னது வேற ஒருத்தியை. அவளுக்கு" என்பாள். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஏற்றுவது மட்டும் நான்தான். பயம் இருக்கிறதே!